பதின்மூன்றாம் பாயிண்ட்டைக் காணவில்லை

நீங்கள் கடைசியாக ரயில் ஏறிய அன்று, உங்கள் ரயில் போகாத தண்டவாளத்தைப் பற்றி ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தீர்களா? நினைத்திருக்க மாட்டீர்கள். ஜன்னலோரம் கிடைக்குமா, எதிரே இருப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவாரா என்பதுதான் உங்கள் கவலையாக இருந்திருக்கும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தத் தண்டவாளத்தை உங்களுக்குப் பதிலாக நினைப்பதற்கென்றே ஒரு பெண்மணி சம்பளம் வாங்குகிறார். இன்னும் எத்தனை நாள் வாங்குவார் என்பதுதான் தெரியவில்லை. அவர் மேல் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டுக்கு அடுத்து பதின்மூன்று வரும் என்று அலுவலக நேரத்தில் பிடிவாதம் பிடித்தாராம்.

அலுவலகத்தில் அவருக்குப் பக்கவாட்டு மேடம் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். எந்தக் கூட்டமானாலும், யார் எதை விளக்கினாலும், கடைசியில் இவர் கையைத் தூக்கி, “அது சரி, பக்கவாட்டுல என்ன வருது?” என்று கேட்பார். கேன்டீனுக்குப் புதுக் கதவு வைப்பதைப் பற்றிய கூட்டத்திலும் கேட்டார். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் கேட்பது வேலைப் பழக்கம். ரயில் நிலையத்தைக் கம்ப்யூட்டர் வழியாக நடத்தும் மென்பொருளில் ரயில் பாதைகளை அமைப்பது அவர் தொழில். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் அசையும் தண்டவாளத் துண்டு ஒன்று இருக்கும். அதைப் பாயிண்ட் என்பார்கள். ரயில் இந்த சிக்னலிலிருந்து அந்த நடைமேடைக்குப் போக வேண்டுமென்றால், வழியில் உள்ள பாயிண்ட்கள் எல்லாம் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், பூட்டிக்கொள்ள வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அத்தனையும் பூட்டிய பிறகுதான் பச்சை விழும். இது பாதி வேலை. இதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

மீதிப் பாதி ரயில் தொடவே தொடாத பாயிண்ட்களைப் பற்றியது. பக்கத்தில் சரக்குப் பெட்டிகளை நிறுத்தி வைக்கும் கிளைத் தடம் ஒன்று இருக்கும். அங்கே பிரேக் நழுவி ஒரு பெட்டி உருண்டு வந்தால் நேராக உங்கள் ரயிலின் விலாவில்தான் இடிக்கும். அதனால் உங்கள் ரயிலுக்குப் பச்சை விழுவதற்கு முன்னால், அந்தக் கிளைத் தடத்துப் பாயிண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மணல் குவியலைப் பார்த்து நிற்க வேண்டும். உருண்டு வரும் பெட்டி மணலில் புதையட்டும், மனிதர்கள் மேல் ஏற வேண்டாம் என்பது கணக்கு. இதற்குக் காவல் பாயிண்ட் என்று பெயர். ஒவ்வொரு பாதைக்கும் எந்தெந்தக் காவல் பாயிண்ட் என்று யோசித்து எழுதுவதில் பக்கவாட்டு மேடத்துக்குத் தலைமுடி நரைத்தது.

வீட்டிலும் இதே கதை. கொதிக்கும் பாத்திரத்தை அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், படுக்கையறைக் கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் தூக்குவார். அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வாய் கொஞ்சம் நீளம். “இவ வெந்நீர் எடுத்தா வீட்டுல எல்லாரும் அவங்கவங்க சிக்னல்ல நிக்கணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்குச் சிவப்புதான்” என்பார்.

மேடம் இனிமையான ஆள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிறர் பேசும்போது குறுக்கே பேசுவார். தப்பைத் தப்பு என்று சொல்லுமுன் ஒரு புன்னகையை ஒட்டவைக்கத் தெரியாது. அலுவலகங்களில் உயர்வதற்கு வேண்டிய முதல் தகுதி அதுதான் என்பதால், பல வருடங்களாக ஒரே நாற்காலியில் இருந்தார்.

அவருக்கு ஒரு தம்பி. அவரும் ரயில்வேதான், ஆனால் வெயில் பக்கம். பாயிண்ட்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, மரைகளை இறுக்குகிற வேலை. அசையும் தண்டவாளத்துக்கும் அசையாத தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். கை தாராளமாக நுழையும். மோட்டார் ஓடினால் அந்த இடைவெளி பட்டென்று மூடிக்கொள்ளும். நடுவில் இருப்பது கல்லா, கட்டையா, மணிக்கட்டா என்று மோட்டாருக்குத் தெரியாது.

அதனால் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தம்பி கையை விடுவதற்கு முன்னால் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புப் பெட்டியில் பெயிண்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பார். ரேடியோவில் கன்ட்ரோல் அறைக்குச் சொல்வார். அங்கே கன்ட்ரோலர் தன் திரையில் அதே எண்ணைத் தேடிப் பூட்டுவார். “பூட்டியாச்சு” என்று திருப்பிச் சொல்வார். அப்புறம்தான் கை. பெட்டியில் இருக்கிற எண்ணும் திரையில் இருக்கிற எண்ணும் ஒன்றுதான் என்கிற நம்பிக்கையில்தான் தம்பிக்குப் பத்து விரல்.

இந்த முறையை விழுங்கப் பார்த்தது ஒரு புது நிலையம்.

நிலையத்தில் முப்பத்தாறு பாயிண்ட்கள். பதின்மூன்றாவது, முதல் நடைமேடைக்கான காவல் பாயிண்ட். அது இருக்கும் கிளைத் தடத்தில் ரயில் வருவதே அபூர்வம், தண்டவாளத்துக்கு நடுவில் புல் முளைத்திருக்கும். ஆனால் முதல் நடைமேடைக்கு ஒரு ரயில் வரும்போதெல்லாம், தூரத்தில் இருக்கிற அந்த ரயிலுக்காக, இது இங்கே தானாகத் திரும்பும். ஆள் நடமாட்டமில்லாத வீட்டில் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி. அதன் பக்கத்தில் வேலை செய்பவருக்கு ரயில் வரும் சத்தம் கேட்காது, அதிர்வு தெரியாது. பூட்டு ஒன்றுதான் துணை.

இனி நிர்வாக இயக்குநரைச் சொல்ல வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்தவர். மின்சாரம், கணினி இரண்டிலும் பட்டம். அவர் உட்கார்ந்திருக்கும் தலைமை அலுவலகக் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி கிடையாது. லிஃப்டில் பன்னிரண்டுக்கு மேலே பதினான்கு. தான் இருப்பது கீழேயிருந்து எண்ணினால் பதின்மூன்றாவது தளம் என்கிற விஷயம் புவியீர்ப்புக்குத் தெரியாமல் இத்தனை வருடம் காப்பாற்றி வந்திருக்கிறார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுபோகும் என்பதற்கு இதைவிட உயரமான உதாரணம் கிடைக்காது.

புது நிலையத்தின் திறப்பு விழா இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை கேபிள் வந்து சேரவில்லை. இரண்டாம் முறை மழையில் சுவர் ஊறியது. இயக்குநர் காரணத்தைத் தேடி, எண் ஜோதிடம் பார்க்கும் ஆலோசகர் ஒருவரை அழைத்தார். காவியோ மாலையோ எதிர்பார்க்காதீர்கள், ஆலோசகர் கோட்டு சூட்டு போட்டிருந்தார். அவருடைய மடிக்கணினியில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் இருந்தன, எல்லாமே பதின்மூன்றாம் பாயிண்ட்டைத்தான் குற்றம் சாட்டின. மூடத்தனம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தால் படித்தவர்கள் எழுந்து நின்று வரவேற்கிறார்கள்.

கூட்டத்தில் இயக்குநர் ஆரம்பித்தார். “மேடம், அந்தப் பதின்மூணை எடுத்துடுங்க.”

“எடுத்துட்டா உருண்டு வர்ற பெட்டியை யார் சார் பிடிக்கிறது? நீங்களா?”

“பாயிண்ட்டை எடுக்கச் சொல்லலம்மா. நம்பரை எடுங்க.”

ஆலோசகர் மென்மையாகக் குறுக்கிட்டார். “முப்பத்தேழுன்னு வைங்க மேடம். ரொம்ப நல்ல அதிர்வு.”

“ரயில் போனா எல்லா நம்பருக்கும் அதிர்வு வரும் சார்.”

யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக மாற்றும் கலை அந்த அறையில் நன்றாக வளர்ந்திருந்தது.

“தண்டவாளத்துப் பக்கத்துல இருக்கிற பெட்டியில பதின்மூணுன்னு எழுதியிருக்கு” என்றார் மேடம். “வேலை செய்யறவங்க அதைப் பார்த்துத்தான் ரேடியோல சொல்லுவாங்க. திரையில வேற நம்பர் இருந்தா கை போயிடும் சார். பேச்சுக்குச் சொல்லல. நிஜமாவே கை போயிடும்.”

“அவ்வளவுதானே? பெட்டியிலயும் மாத்திடலாம்” என்றார் இயக்குநர்.

அந்த இரும்புப் பெட்டி, தண்டவாளங்களைக் கவனிக்கும் யார்டு அதிகாரியின் ஆளுகையில் இருந்தது. அவரிடம் போனில் கேட்டார்கள். அவர் பதறிப்போனார். ஒன்றும் மூன்றும் கூட்டினால் நான்கு. நான்கு அவருடைய ராசியான எண். அந்தப் பெட்டி தன் பொறுப்புக்கு வந்த பிறகுதான் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, மகள் படித்ததனால் அல்ல. “பெயிண்ட் டப்பாவோட யாராவது வந்தா என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்” என்றாராம்.

இரண்டு மூடநம்பிக்கைகள் மோதிக்கொண்டால் பகுத்தறிவு ஜெயிக்கும் என்று நினைக்கிறவர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் அல்ல. இரண்டுமே ஜெயித்தன. திரையில் முப்பத்தேழு. பெட்டியில் பதின்மூன்று. மேடம் எண்ணை மாற்ற மறுத்ததால், பக்கத்து மேசைக்காரர் மாற்றிக் கொடுத்தார். அவருக்குத் தலையாட்டி என்று பெயர். கழுத்து மேலும் கீழும் மட்டுமே அசையும்படி பிறந்தவர்.

ஆனால் ஒரு சிக்கல். மென்பொருளை ஒருவர் அமைத்தால் இன்னொருவர்தான் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சரிபார்ப்பவர் மேடம். அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டால்தான் நிலையம் உயிர்பெறும்.

அன்று சாயங்காலம் தம்பி வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே மேடம் நடந்ததைச் சொன்னார். கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மச்சான், உனக்கும் ஒரு நம்பர் கெட்ட நம்பர்னு சொல்லிப் பாரேன். அந்தத் தேதியெல்லாம் லீவு குடுப்பாங்க.”

“நமக்கெல்லாம் எந்த நம்பரும் கெடுதல் பண்ணாது மாமா. ஆளுங்கதான் பண்ணுவாங்க.” தம்பி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்தினார். “அக்கா, நான் பதின்மூணைப் பூட்டச் சொன்னா, கன்ட்ரோல் ரூம்ல என்ன சொல்லுவாங்க?”

“அப்படி ஒரு நம்பரே இல்லைம்பாங்க.”

“அப்படிச் சொன்னா பொழைச்சேன். கையை வைக்க மாட்டேன், திரும்பி வந்துடுவேன். இல்லைன்னு சொல்லாம, வேற எதையோ பூட்டிட்டு ‘ஆச்சு’ன்னு சொல்லிட்டா?”

“அப்படிக்கூடவா செய்வாங்க?” என்றார் கணவர்.

“ஏன் செய்ய மாட்டாங்க மாமா? ஒரு பக்கம் ரயில் நிக்கும், ஒரு பக்கம் போன் அடிக்கும், பின்னால மேலதிகாரி நிப்பாரு. அவரும் மனுஷன்தானே.”

கணவர் அதற்குமேல் சிரிக்கவில்லை. மேடம் தம்பியின் கையைப் பார்த்தார். எண்ணெய்க் கறை நகத்துக்குள் போயிருந்தது. “நாளன்னிக்குச் சோதனைக்கு நீதான் அந்தப் பெட்டிகிட்ட நிக்கற. கையை விடாதே. நீ பாயிண்ட் கூட்டற துடைப்பத்தோட கட்டையை விடு” என்றார்.

சோதனை நாள். கன்ட்ரோல் அறையில் குளிர் ஊசி குத்தியது. சுவர் முழுக்கத் திரை, கோடு கோடாக நிலையத்தின் வரைபடம். திரைக்கு முன்னால் கன்ட்ரோலர், காதில் ரேடியோ. அவருக்குப் பக்கத்தில் மேடம், பின்னால் இயக்குநர், ஆலோசகர், தலையாட்டி. அந்த அறையில் அந்த எண்ணை வாயால் உச்சரிக்கக் கூடாது என்று காலையிலேயே உத்தரவு வந்திருந்தது.

சோதனைகள் பாயிண்ட் வரிசைப்படி நடந்தன. முதல் பாயிண்ட்டுக்கு முதல் சோதனை, இரண்டாவதுக்கு இரண்டாவது. பன்னிரண்டு முடிந்ததும் பதினான்குக்குப் போனார்கள். பதின்மூன்றாவது சோதனையை எடுத்துவிட்டிருந்தார்கள். முப்பத்தாறோடு முடிந்தது. முப்பத்தேழு என்கிற புதுப் பெயருக்குச் சோதனை எழுதவே யாருக்கும் தோன்றவில்லை. காவல் பாயிண்ட் ஒன்றை எவரும் சோதிக்காமலே எல்லோரும் கைதட்டினார்கள்.

“எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு” என்றார் மேடம். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால் கடவுச்சொல் கிடைக்காது என்பது நினைவுக்கு வந்து, சரி என்றார்.

ரேடியோவில் தம்பியின் குரல் வந்தது. “கன்ட்ரோல், பதின்மூணாம் நம்பர் பாயிண்ட்ல வேலை. பூட்டித் தாங்க.”

கன்ட்ரோலர் திரையைப் பார்த்தார். பன்னிரண்டு இருந்தது. அடுத்தது பதினான்கு. முப்பத்தேழு என்கிற எண் திரையின் ஓரத்தில், புதுப் பணக்காரன் மாதிரி யாரோடும் சேராமல் நின்றது. அதுதான் இது என்று அவரிடம் சொன்னவர் யாருமில்லை.

“எந்த நம்பர்னு சொன்னீங்க?”

“பதின்மூணு.”

கன்ட்ரோலர் திரும்பி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் முகத்தைச் சுளித்தார். அந்த எண் ரேடியோ வழியாக அறைக்குள் வந்துவிட்டதே என்கிற அருவருப்பு. தம்பியிடம் திருப்பிக் கேட்டால் கன்ட்ரோலரும் அதை உச்சரிக்க வேண்டும். கன்ட்ரோலர் கெட்டிக்காரர், தலைமை அலுவலகத்து லிஃப்டில் பலமுறை போய்வந்தவர். பன்னிரண்டுக்கு மேலே இருப்பதைத்தான் இங்கே பதினான்கு என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பதினான்கைப் பூட்டினார்.

“பூட்டியாச்சு. வேலை பாருங்க.”

“நன்றிங்க” என்றார் தம்பி.

“இப்ப முதல் நடைமேடைக்கு ரயிலைக் கூப்பிடுங்க” என்றார் மேடம்.

கன்ட்ரோலர் பாதையைப் போட்டார். பாயிண்ட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டன. காவல் பாயிண்ட்டும் தன் கடமையைச் செய்தது. பச்சை விழுந்தது. ரேடியோவில் காய்ந்த விறகை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

பிறகு தம்பி பேசினார். “அக்கா, கட்டை ரெண்டாயிடுச்சு.”

கன்ட்ரோலர் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். “நான் பூட்டினேனே” என்றார். மறுபடியும், “நான் பூட்டினேன் மேடம்” என்றார். மேடம் அவருடைய நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்து வாயைத் திறந்தவர் இயக்குநர்.

“பார்த்தீங்களா? இதுக்குத்தான் தலையால அடிச்சுக்கிட்டேன். அந்த நம்பர் ஆகாதுன்னு.”

ஆலோசகர் ஆமோதித்து, மடிக்கணினியில் அதைக் குறித்துக்கொண்டார். தலையாட்டியின் கழுத்தும் தன் வேலையைச் செய்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாக்கியவரே அப்படிச் சொன்னார்.

மேடம் கடவுச்சொல்லைப் போடவில்லை. “பதின்மூணு திரையில வரட்டும். போடறேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அழைப்பிதழ்கள் போய்விட்டன, அமைச்சர் ஒருவர் தேதி கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஆலோசகரே ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். கன்ட்ரோல் அறைத் திரையில் பதின்மூன்று இருக்கலாம். இயக்குநருக்கென்று தனியாக ஒரு திரை வைத்து, அதில் மட்டும் முப்பத்தேழு என்று காட்டினால் தோஷம் இல்லை. அந்தத் திரையால் எந்த ரயிலையும் நகர்த்த முடியாது. அதன் முன்னால் ரிப்பன் கட்டி, விளக்கு வெளிச்சத்தில் அமைச்சர் பொத்தானை அமுக்கினார். ரயிலை வரவழைத்தவர் அடுத்த அறையில், மேடம் கடவுச்சொல் போட்டு உயிர்கொடுத்த திரைக்கு முன்னால் இருந்த கன்ட்ரோலர். பதின்மூன்று மணலைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரமே மேடத்துக்கு விசாரணை அறிவிப்பு வந்தது. விழாவுக்கு இடையூறு செய்தார். மதிப்புக்குரிய ஆலோசகரை எள்ளி நகையாடினார். அனுமதியில்லாமல் நிறுவனத்துக்குச் சொந்தமான துடைப்பக் கட்டை ஒன்றைச் சேதப்படுத்தினார். மூன்றாவது குற்றச்சாட்டை எழுதியவர் சிரித்துக்கொண்டு எழுதினாரா, நிஜமாகவே எழுதினாரா தெரியவில்லை. அந்தக் கட்டை இருந்த இடத்தில் ஒரு மணிக்கட்டு இருந்திருந்தால் அதற்கு இரங்கல் கூட்டம் நடத்தியிருப்பார்கள். மேடத்திடம் துடைப்பத்துக்குக் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பதின்மூன்றை எடுக்கும் உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை. விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேடம் போனால் சரிபார்க்கும் நாற்காலிக்குத் தலையாட்டி வருவார், எண் மறுநாளே போய்விடும். தம்பி வாராவாரம் அந்தப் புல் முளைத்த தடத்தில் குனிந்து பெட்டியைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். வேறு வேலைக்கு மாற்றிக் கேட்கச் சொன்னார் கணவர். “நான் போனா இன்னொருத்தன் கை மாமா” என்று சொல்லிவிட்டார் தம்பி.

அன்று அறையில் நடந்ததை முழுதாகச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி கன்ட்ரோலர். முதல் நாள் விசாரணையில், “சரியா ஞாபகம் இல்லை” என்றார். வெளியே வந்து மேடத்திடம் நடைபாதையில் சொன்னது வேறு.

“உள்ள அவங்க மட்டும் உட்கார்ந்திருந்தா எனக்கு வாய் வரமாட்டேங்குது மேடம். வெளியாளுங்க நாலு பேர் இருந்தாங்கன்னா சொல்லிடுவேன். என்னைப் பத்தியும் சேர்த்துத்தான்.”

அவரைக் கோழை என்று சொல்லத் தோன்றினால், உங்கள் மேலதிகாரி பின்னால் நிற்கும்போது நீங்கள் கடைசியாக என்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பயப்படுகிறவர் உண்மையைச் சொல்லத் தயாராக இருக்கிறார். அவருக்குத் தேவை கொஞ்சம் மனித முகங்கள்.

விசாரணை அறையில் பொதுமக்களுக்கென்று ஒரு வரிசை நாற்காலி போட வேண்டும் என்பது விதி. போட்டிருக்கிறார்கள், இதுவரை ஒருவரும் வந்து உட்காரவில்லை. பயணச்சீட்டு வைத்திருக்கும் யாரும் உள்ளே வரலாம். அடுத்த அமர்வு செவ்வாய்க்கிழமை காலை, தலைமை அலுவலகத்தில். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் பேச வேண்டியதில்லை. கன்ட்ரோலர் தலை நிமிர்ந்தால் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள்.